நீலப் பெயிண்ட் அடித்த பலகை

தை மாதம், காலை ஏழு மணி. புதுச்சேரியிலிருந்து மரக்காணத்துக்குப் பஸ் ஏறினேன். முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். பொம்மையார்பாளையம் வரை நின்றுகொண்டே போய், அப்புறம் இடம் கிடைத்தது.

நான் அச்சகத்தில் கல்யாண வாழ்த்துப்பா எழுதுகிறவன். நிலா, தாமரை, அன்னம் மூன்றும் எப்போதும் கைவசம் இருக்கும். ஆனால் மாப்பிள்ளை ஏழுமலை, உப்பளத் தொழிலாளி, விடவில்லை. "நேர்ல வந்து எங்க ஊரப் பாத்து எழுதுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். மறுநாள் காலை அவன் வீட்டில் கல்யாணம்.

ஒன்பது மணிக்கு ஏழுமலையோடு உப்பளத்தில் நின்றேன். கண் கூசியது. சேறு மிதித்துப் பாத்தி கட்டுகிற காலம் என்பதால் உப்புகூட இல்லை. அழகு என்று எழுத எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"பொண்ணுக்கு இரும்பைங்கற ஊருங்க. கழனி பாத்து வளந்தவ. 'புல்லுகூட மொளைக்காத ஊருல எப்படி இருக்கிறது'ன்னு அவங்க அம்மாகிட்ட அழுதுட்டாளாம். நான் சொன்னா எடுபடாது. நீங்க பாட்டுல சொல்லுங்க" என்றான் ஏழுமலை.

வகையாக மாட்டிக்கொண்டேன். நிழலுக்காகக் கொட்டகைக்குள் போனபோது உப்பு வாரும் பலகை சாத்தியிருந்தது. நீண்ட கழி, முனையில் ஒரு பலகை, அவ்வளவுதான். கழியில் அவன் கை பிடிக்கும் இடம் மட்டும் தேய்ந்து, எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. தொட்டுப் பார்த்தேன். வழுவழு என்றிருந்தது. அங்கேயே உட்கார்ந்து, 'உப்புப் பலகை' என்று தலைப்பிட்டு எழுதினேன்.

"உன் கையை அறியும் முன்பே
அவன் கை தேய்த்துத் தேய்த்து
உனக்கென மெருகேற்றிய மரம் இது."

மாலையில் அவன் வீட்டில் படித்துக் காட்டினேன். ஏழுமலை எழுந்து அளத்துப் பக்கம் போனான்.

மறுநாள் தாலி கட்டியதும் வாசித்தேன். மணப்பெண் செல்வி குனிந்த தலை நிமிரவில்லை. பாட்டு வீண் என்றுதான் நினைத்தேன். பந்தி முடிந்து விடைபெறப் போனபோது அவள் கேட்டாள்:

"அந்தப் பலகை நெசமாவே இருக்குதுங்களா?"

ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் ஓடினான். திரும்பியவன் கையில் அந்தப் பலகை. அடிமுதல் நுனிவரை நீலப் பெயிண்ட்!

"ஏம்பா, என்னா பண்ணி வெச்சிருக்க?"

"மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புல அடிச்சது மீந்திருந்துதுங்க. பொண்ணு பாக்கப் போவுது, பழசா இருந்தா நல்லாவா இருக்கும்?"

எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. இனி அவளிடம் எதைக் காட்டுவது?

அவள் கழியைப் பிடித்தாள். கடல் காற்றில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. உள்ளங்கை முழுக்க நீலம். மருதாணிக் கையை விரித்துப் பார்த்தவள், வாய்விட்டுச் சிரித்தாள். கழியில் அவள் விரல்கள் பதிந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் கையோடு வந்து, அடியிலிருந்த மரம் மின்னியது.

"அளம் ரொம்பத் தூரமா?" என்று அவனிடம் கேட்டாள்.

மூன்று மணி பஸ்ஸில் கிளம்பினேன். ஜன்னல் வழியே பார்த்தபோது அளத்து வரப்பில் பட்டுப்புடவையும் பட்டுவேட்டியும் போய்க்கொண்டிருந்தன. பலகையை அவள்தான் தூக்கிப் போனாள்.