அலசாத சட்டை

ஆடு மேய்க்கிற சட்டை வீட்டுக்குப் பின்னால் முருங்கைமரத்து ஆணியில் தொங்கியது. ஒரு காலத்தில் அது நீலமாக இருந்திருக்க வேண்டும். காலரில் பிசுக்கு ஏறி, முதுகில் வியர்வை உப்பு வரிவரியாகப் படிந்து, கீழே வைத்தால் தானே விறைத்து நிற்கும் பதத்துக்கு வந்திருந்தது. சுகிர்தா அதை இரண்டு விரலால் தூக்கினாள். மறு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அப்படியே போட்டுக்கோ புள்ள. அலசிப்புடாத," உள்ளே கட்டிலிலிருந்து ராஜபாண்டியன் குரல் கொடுத்தார்.

"இதையா? செத்த பெருச்சாளி நாத்தம் நாறுதுங்க."

"அந்த நாத்தந்தான் ஆட்டுக்கு நானு. அலசிப்புடாத, சொல்லிட்டேன்."

சுகிர்தா சட்டையை நேராகத் தண்ணீர்த்தொட்டிக்குக் கொண்டுபோனாள்.

அவள் திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் தாள் பிரித்து அடுக்கியவள். தாளில் விரல் ரேகை விழுந்தால் அந்தத் தாள் வேஸ்ட். அதனால் கையை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுவது அவளுக்குத் தொழிலாகத் தொடங்கிப் பழக்கமாகிப் பிறகு குணமாகவே ஆகிவிட்டது. ஆனைக்குட்டத்தில் செம்மறி வைத்திருந்த ராஜபாண்டியனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது அவள் போட்டது இரண்டே நிபந்தனை: ஆட்டுப்பட்டி வீட்டுக்கு எட்டத்தில் இருக்க வேண்டும், அவர் குளிக்காமல் வாசற்படி தாண்டக்கூடாது. முப்பது வருஷமாக அவர் அவற்றை மீறியதில்லை. ஆனாலும் எத்தனை குளித்தாலும் அந்த வாடை அவரை விட்டுப் போகவில்லை. ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் ஆண்கள் பக்கம் கடைசிப் பாயில், தூணோரமாக ஒதுங்கித்தான் உட்காருவார். சுகிர்தா பெண்கள் பக்கம் முதல் வரிசையில் கஞ்சி போட்ட சேலையில் உட்காருவாள். ஆராதனை முடிந்து இருவரும் சேர்ந்து நடந்து வீட்டுக்குப் போனதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

ஈஸ்டர் கழிந்த வாரம், அணைக் கரையில் கால் சறுக்கி விழுந்து ராஜபாண்டியனுக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் அறைக்கு வெளியே சுகிர்தா தரையில் முழங்காலிட்டாள். "ஆண்டவரே, இவரை மட்டும் திருப்பிக் கொடும். நீர் என்ன சொன்னாலும் கீழ்ப்படிகிறேன்" என்று வாய்விட்டு ஜெபித்தாள். என்ன சொன்னாலும் என்றபோது அவள் மனதில் இருந்தது ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதோ, வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டமோதான். ஆட்டுப் புழுக்கை அவள் கணக்கிலேயே இல்லை.

அவர் உயிரோடு வீடு திரும்பினார். நடக்க மழைக்காலம் ஆகும் என்றார் டாக்டர். பிள்ளைகள் இல்லை. ஆடுகளை ஊர்க்காவலன் என்பவர் தன் ஆளை வைத்துச் சில நாள் பார்த்துக்கொண்டார். ஊர்க்காவலன் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். கோடையில் எருவுக்காக அவர் நிலத்தில்தான் ராஜபாண்டியன் ஆடுகளை மறித்து ராத்திரிக் கிடை போடுவது. பிறகு அந்த ஆளும் சீசன் வேலைக்குப் பட்டாசு செய்கிற ஆபீசுக்குப் போய்விட்டான். அதே சமயம் ஆட்டு வியாபாரி கருப்பணன் வந்து, சனிக்கிழமை வேன் கொண்டுவந்து மொத்தமாக ஏற்றிக்கொள்வதாகச் சொன்னான்.

"ஒனக்கு ஆடு பணிஞ்சா வச்சுக்குவோம்," என்றார் ராஜபாண்டியன். "இல்லைன்னா ஏத்திவிட்ரு." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் பாதித் தட்டுதான்.

அதனால்தான் இந்தச் சட்டை. சுகிர்தா அதைச் சோடாவில் ஊறவைத்து, சோப்புப் போட்டு அடித்துத் துவைத்து, நீலம் முக்கிக் காயவைத்தாள். சட்டையைப் போடச் சொன்னார், போடத்தானே போகிறோம் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

காலையில் சேலைக்கு மேல் அந்த மொடமொடத்த சட்டையோடு அவள் பட்டித் தட்டியைத் திறந்தாள். ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எதிர்மூலைக்கு ஒதுங்கின. அவள் கிட்டப் போனாள், அவை மறுமூலைக்குப் பாய்ந்தன. கம்பை ஆட்டினாள். தட்டி சாய்ந்து விழ, மந்தை முழுதும் அவளைத் தள்ளிவிட்டு ஊர்க்காவலனின் பறிப்பு முடிந்த பருத்திக்குள் புகுந்தது. அவள் ஈரப் புழுக்கையில் கையூன்றி எழுந்தாள். விரலிடுக்கெல்லாம் பச்சை.

ஊர்க்காவலன் வரப்பில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன தங்கச்சி, ஆடு மேய்க்கப் போறியா, கோயில் அசனத்துக்குப் பந்தி பரிமாறப் போறியா? சட்டை டாலடிக்குதே!"

"சிரிக்காதீக அண்ணாச்சி. மொதல்ல ஆட்டைத் திருப்பிவிடுங்க."

"மோந்து பாத்துட்டு, சோப்புக் கடை வருதுன்னு ஓடுது. நான் திருப்புனா நிக்குமாக்கும்?"

நாலு பேர் சேர்ந்து பொழுது சாயத்தான் பட்டியில் அடைக்க முடிந்தது. ராஜபாண்டியன் எல்லாவற்றையும் கேட்டார். முதலில் சிரித்தார், இடுப்பு வலிக்கவும் நிறுத்திக்கொண்டார்.

"போடுன்னேன், போட்ட. அலசாதன்னேன், அலசிட்ட. ஒனக்குத் தோதானத மட்டும் கேட்டிருக்க."

"மனுசி போடுற மாதிரியா இருந்துச்சு அது?"

"நான் போட்டேனே," என்றார் அவர். குரலில் கோபமில்லை. அதுதான் அவளுக்குத் தைத்தது.

மறுநாள் அவர் அடுத்த வேலையைச் சொன்னார். முன்னால் போகிற கிழட்டுப் பெட்டை, புள்ளி, இரண்டு நாளாகக் காலை ஊன்றவில்லை என்று ஊர்க்காவலன் சொல்லியிருந்தார். "அது எங்க போகுதோ அங்கதான் மந்தை போகும். மொதல்ல அது காலப் பாரு."

சுகிர்தா பார்த்தாள். பார்த்திருக்கவே வேண்டாம். கருவேல முள் ஏறிய குளம்பிடுக்கு பிளந்து, உள்ளே வெள்ளைப் புழுக்கள் அரிசி கொதிப்பதுபோல் நெளிந்தன. சீழும் ரத்தமும் கலந்து அழுகல் வாடை. அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "வேற யாரையாவது அனுப்பும் ஆண்டவரே" என்றாள். யாரும் வரவில்லை. கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டதில், டாக்டர் வெம்பக்கோட்டைப் பக்கம் போயிருக்கிறார், நாளைக்குத்தான் என்றார்கள். புழு நாளை வரை காத்திருக்காது.

அந்துருண்டையைப் பொடித்து வேப்பெண்ணெயில் குழைத்து அப்பினாள். வாடை தாங்காமல் புழுக்கள் வெளியே தலை நீட்டின. புருவம் திருத்த வைத்திருந்த இடுக்கியால் ஒன்றொன்றாக எடுத்தாள். அந்த இடுக்கியை இனி முகத்தருகே கொண்டுபோக முடியாது என்ற எண்ணம்கூட வந்தது. புள்ளி முதலில் உதைத்தது. உதை தாடையில் பட்டு அவள் மல்லாந்து விழுந்தாள். இரண்டாவது தடவை சேலையில் மூத்திரம் பெய்தது. சுகிர்தா வாயில் வந்ததையெல்லாம் திட்டினாள். கோயிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பார்கள்.

பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் ஆடு உதைப்பதை நிறுத்தியது. வலி நின்றதால் அல்ல. இடுக்கி உள்ளே போகும்போதெல்லாம் அதன் தோல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே காலை அவள் மடியில் விட்டுவிட்டு, தலையை அவள் முழங்காலில் வைத்தது.

சுகிர்தாவின் கை நின்றுவிட்டது. இந்த ஆட்டைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அதற்கும் அது தெரியாமலிருக்காது. தன்னை வெறுக்கிறவள் கையில் காலைக் கொடுத்துவிட்டு இது எப்படிக் கிடக்கிறது? நேசிக்கிறவர் என்று பாட்டுப் பாடுகிறேனே, அந்த ஆண்டவரின் கையிலேயே நான் ஒரு நாளாவது இப்படிக் கிடந்தேனா? ஈஸ்டரிலிருந்து தான் ஜெபித்ததெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. இதை மாற்றும், அதை நீக்கும், வேறு ஆளை அனுப்பும். ஒவ்வொன்றும் ஓர் உதை. ஆண்டவர் சொன்னதை வாங்கி, சோடாவில் ஊறவைத்து, நீலம் முக்கித்தான் இத்தனை வருஷமும் உடுத்தியிருக்கிறாள்.

அருவருப்பு இப்போது திரும்பித் தன் மேலேயே வந்தது. ஆட்டு மூத்திரத்தைவிட அது மோசமாக இருந்தது.

மிச்சப் புழுக்களையும் எடுத்துக் கட்டுப் போட்டாள். அந்த ஈரத்தை, சீழை, எண்ணெயை எல்லாம் போட்டிருந்த சட்டையிலேயே துடைத்தாள். ராத்திரி கிடையோரம் கோணிச்சாக்கை விரித்து அதே சட்டையோடு படுத்தாள். ஆடுகளின் ஏப்பமும் புழுக்கையின் சூடும் முகத்தில் அடித்தன. தூக்கம் வரவில்லை. காலையில் ஸ்பூனால் சாப்பிட்டாள், கையை வாயருகே கொண்டுபோகத் துணிவில்லை. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. பிடிக்கவில்லை, செய்தாள். ஆடுகள் ஒதுங்குவதை நிறுத்தின. ஆனால் கூப்பிட்டால் வரவில்லை. ராஜபாண்டியன் கூப்பிடுகிற விதம் வேறு: நாக்கை மடித்து, எச்சில் தெறிக்க, தொண்டையிலிருந்து ஒரு சத்தம். அதைக் காதால் கேட்பதே அவளுக்குக் கூச்சம்.

"அதை மட்டும் என்னைச் செய்யச் சொல்லாதீக," என்றாள்.

"நான் சொல்லலை," என்றார் அவர். "சனிக்கிழமை வேன் வருது. அம்புட்டுத்தான்."

சனிக்கிழமை உச்சிவெயிலில் அவள் ஓடைக்கு இந்தப் பக்கம் மந்தையை நிறுத்தியிருந்தாள். அந்தப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸின் கம்பிவேலி. திடீரென்று தரை அதிர்ந்தது. வேலிக்குள் ஒரு மருந்து ரூம் கூரையோடு மேலே போனது. சத்தம் பின்னால் இருந்த மேட்டில் மோதித் திரும்பியதில், எந்தப் பக்கம் ஆபத்து என்று ஆடுகளுக்குத் தெரியவில்லை. மொத்தமாக ஓடைக்குள் இறங்கி, புகையை நோக்கியே பாய்ந்தன.

"போகாத தங்கச்சி!" ஊர்க்காவலன் வரப்பிலிருந்து கத்தினார். "அடுத்த ரூம் இருக்கு! போகாத!"

அந்த வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஒன்று வெடித்தால் அடுத்ததற்காக நிற்க வேண்டும். அவள் நின்றாள். ஓடிப் பிடிக்க வழியில்லை. கையில் இருந்தது குரல் மட்டுந்தான்.

சுகிர்தா நாக்கை மடித்தாள். எச்சில் மோவாயில் வழிந்தது. "த்ர்ர்ர்ரோ... ஏஏஏ... த்ர்ர்ர்ரோ!" கேவலமாக, மனுசக் குரலே இல்லாதபடி வந்தது. ஆடுகள் ஓடிக்கொண்டே இருந்தன. "கர்த்தாவே, இது உம்ம மந்தை" என்று அவரிடமே விட்டுவிட்டு மறுபடியும் அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டாள்.

எல்லாவற்றுக்கும் பின்னால் நொண்டிக்கொண்டு போன புள்ளி நின்றது. தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது. காற்று அவள் பக்கமிருந்து, அந்தச் சட்டையின் பக்கமிருந்து, ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. புள்ளி திரும்பியது. கட்டுப் போட்ட காலை இழுத்து இழுத்து மேடேறி அவளிடம் வந்தது. அது கத்திய கத்தலில் பின்வரிசை திரும்பியது, அதைப் பார்த்து முன்வரிசையும் வளைந்தது. கடைசிக் குட்டி ஓடையைத் தாண்டி அவள் காலுக்குள் புகுந்த பிறகுதான் இரண்டாவது ரூம் வெடித்தது.

சாப்பாட்டு நேரமானதால் ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் வெளியே மரத்தடியில் இருந்திருக்கிறார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்று ஊர்க்காவலன் விசாரித்துவந்து சொன்னார். சொல்லிவிட்டு, "மூக்கு முகமெல்லாம் எச்சில். தொடச்சுக்கோ தங்கச்சி," என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

சாயங்காலம் கருப்பணன் வேனோடு வந்து நின்றான். சுகிர்தா பட்டித் தட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏத்திரலாமா?"

"ஒத்த ஆடு கூட இல்லை. வண்டியத் திருப்பு."

"ஆடு மேய்க்கிற பொம்பளையாக்கா நீங்க? நாத்தம் தாங்கமாட்டீகளே."

"இப்பவும் தாங்கலைடா," என்றாள் சுகிர்தா. "அதுக்கென்ன? திருப்பு."

அவள் வீட்டுக்குள் போனாள். குளிக்கவில்லை. வாசற்படியைத் தாண்டி நேராகக் கட்டிலண்டை போய் நின்றாள். ராஜபாண்டியன் கண்ணை மூடி நன்றாக ஒரு மூச்சு இழுத்தார்.

"இப்பத்தான் சரியான நாத்தம்," என்றார்.

"வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க."

அன்று அவர் தட்டைக் காலி செய்தார். சுகிர்தா சோப்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள், மறுபடி கழுவினாள். பிறகு சட்டையைக் கழற்றி, அலசாமல், முருங்கைமரத்து ஆணியில் மாட்டினாள்.