வள்ளத்தில் ஓடிய உளவுப்படம்

ஒருவர் ஆசையோடு சொல்லிவந்த கதையின் முடிவை எல்லாருக்கும் முன்னால் போட்டுடைத்தவன் நான்.

எழுபதுகளில் நெடுந்தீவில் படிப்பித்தேன். குறிகட்டுவான் துறையிலிருந்து தீவுக்குப் போகும் வள்ளத்தில், கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்ந்த ஒருவர் அடிக்கடி வருவார். பருத்த மனிதர், கொளுத்தும் வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றமாட்டார். துறைமுகங்களில் பார்த்த ஆங்கில உளவுப்படங்களை வழிநெடுகச் சொல்வார்.

“யப்பானில இந்தப் படத்துக்கு விடியவே கியூ. இத்தாலியில சண்டைக்கும் சிரிப்பாங்கள். ரஷ்யாவில அந்த உளவாளியின்ர பேரே எடுக்கேலாது.”

“எங்கட ஊரில?” என்பார் பனங்கிழங்கு விற்கும் அக்கா.

“இஞ்சதான் அவனுக்குத் தாய் இல்லையோ எண்டு கேக்கிறீங்கள்!”

ஒருநாள் உளவாளியைக் கடலுக்கடியில் கட்டிவைத்த கட்டத்தில் கரை வந்துவிட்டது. மிச்சம் அடுத்த பயணத்தில் என்றார்.

“என்ன மிச்சம்? கூட்டாளி வந்து அவிழ்த்துவிடுவான். நான் யாழ்ப்பாணத்தில பார்த்தனான்,” என்றேன்.

அடுத்த பயணத்தில் ஒருவரும் அவரிடம் கதை கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக் கடலைப் பார்த்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு பொய் சொன்னேன்.

“அண்ணை, யாழ்ப்பாணத்தில கடைசியை வெட்டிப்போட்டுக் காட்டினவங்களாம். மற்ற நாடுகளில எப்பிடி முடிஞ்சது?”

கடலை விட்டு என் பக்கம் திரும்பினார்.

“யப்பான் முடிவோ, இத்தாலி முடிவோ, மாஸ்டர்?”

“ரெண்டையும் சொல்லுங்கோ,” என்றார் அக்கா.

தொப்பி தலைக்கு ஏறியது. அவர் சொன்ன எதுவும் நான் பார்த்த படத்தில் இல்லை. வள்ளம் கரையைத் தொட்டபோது இத்தாலி முடிவு பாதியில் நின்றது. இறங்குவதற்கு ஒருவரும் எழவில்லை, நானும்தான்.