கத்தரிக்குப் போட்ட எரு

கெலுகோரில் எங்கள் அடுக்குமாடிக் கூட்டுத் தோட்டத்தில், களை என்று நினைத்து லட்சுமி அக்காவின் கீரை நாற்றுகளைப் பிடுங்கிவிட்டேன். "இவருக்கு மண்வெட்டி குடுக்காதீங்க லா, சோறு மட்டும் குடுங்க!" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளே கொதித்தது.

மறுநாளே, எருச் சூட்டில் செடி கருகும் என்று தெரிந்தே, அவருடைய கத்தரிச் செடிகளின் வேரில் மக்காத கோழி எருவைக் கொட்டினேன். நான்காம் நாள் வெற்றியை ரசிக்கப் போனேன். அக்கா கருகிய இலைகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எரு போட்டது நீதானே தம்பி? கீரைக்குப் பதிலா உதவி செய்ய நெனச்சிருக்க. தெரியாமத்தானே போட்ட?"

அயோக்கியன் என்பதா, முட்டாள் என்பதா? முட்டாளே மேல் என்று, "ஆமாக்கா," என்றேன்.

மிஞ்சிய ஒரே கத்தரிக்காயைப் பறித்து என் கையில் வைத்தார். அதுபோல் என்னை யாரும் பழிவாங்கியதில்லை.