கண்ணாடி வளையல் வேண்டாம் என்றேன்

எண்பதுகளின் கடைசியில், எனக்கு ஐந்து மாதம் நடந்துகொண்டிருந்தபோது, என் கணவர் வேலையிடத்தில் ரத்ததானம் செய்தார். அதில்தான் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பிறகு என்னையும் சோதித்தார்கள். எனக்கும் இருந்தது. அவர் மேல் வந்த ஆத்திரத்தைக் காட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. சாப்பாடு இறங்கவில்லை. புக்கிட் மேரா வட்டாரத்தில் இருந்த எங்கள் வீட்டில் பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். குழந்தைக்கும் வருமா என்று கேட்டால், வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று எரிச்சல் வந்து, அடுத்த இரண்டு தடவை கிளினிக் பக்கமே போகவில்லை. வயிற்றிலேயே போய்விட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு அம்மா இல்லை. ஆகவே ஏழாம் மாதம் வளைகாப்பைத் தானே நடத்துவேன் என்று நாத்தனார் ஒற்றைக் காலில் நின்றார். விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது. பத்துப் பெண்கள் மாறி மாறி வளையல் போடுவார்கள். ஒன்றாவது உடைந்து கீறும். என் ரத்தம் யார் கையிலாவது படும். அந்தக் காலத்தில் எனக்கு இதற்கு மேல் விவரம் தெரியாது. பிளாஸ்டிக் வளையல் போதும் என்றேன். நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிராங்கூன் ரோட்டுக் கடையில் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்தார்.

அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினேன். ஒன்றுகூட உடையவில்லை. எல்லாம் தடையில்லாமல் ஏறின. சந்தனம் பூசிக்கொள்ளக் கையைத் தாழ்த்தியபோது அத்தனையும் சரிந்து மடியில் விழுந்தன. யாரோ சிரித்தார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை. என்னை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ஏழு மாசத்துல கை வீங்கியிருக்கணும். உனக்கு எலும்புதான் இருக்கு. என்னம்மா ஆச்சு?"

சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய்க் கை கழுவினார். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. இனி வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார்.

"அடுத்த கிளினிக் எப்போ? நானும் வரேன். அதுவரைக்கும் தினம் வந்து பக்கத்துல உக்காந்துக்குவேன், நீ சாப்பிடணும்லா."

சொன்னபடியே தினமும் பஸ் ஏறி வந்தார். கிளினிக்கில் டாக்டர், மனம் சோர்ந்து தாய் சாப்பிடாமல் இருந்ததால் குழந்தை வளரவில்லை என்றார். மீதி இருந்த வாரங்களில் முடிந்தவரை தின்றேன். மகன் இரண்டு கிலோகூட இல்லாமல் பிறந்தான்.

தாயின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள், குழந்தைக்கு நோய் இல்லாவிட்டாலும், அதன் ரத்தத்தில் கொஞ்ச நாள் தெரியுமாம். அதனால் ஒன்றரை வயது வரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடைசிப் பரிசோதனையில் அவனுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். நாத்தனார் அங்கேயே உட்கார்ந்து அழுதார். வயதுக்கு மிகச் சிறியவனாக இருந்த பிள்ளையை நான் மடியில் வைத்திருந்தேன். நோய் அவனைத் தொடவே இல்லை. அவனைப் பட்டினி போட்டது நான்தான்.