நான் கட்டிய பூப்பொதிகள்

என் மனைவிக்குக் குடல்வால் வீக்கம் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முப்பது வயது. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே மாநிலமாகி இரண்டு மூன்று வருஷந்தான் இருக்கும். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் இண்டர்மீடியட் மாணவர்களுக்குத் தர்க்கம் கற்பித்துக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டு, பாவம், விவரம் தெரியாதவன் என்று யாரும் எனக்குச் சலுகை தந்துவிடக் கூடாது.

நாங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். திருவனந்தபுரத்துக் கரமனையில் ஒரு வாடகை வீட்டில் நான், மனைவி, என் அம்மா என்று மூன்று பேர் இருந்தோம். வலி முதலில் மாசியில் வந்தது. இரண்டு நாள் சுருண்டு கிடந்தாள், பிறகு எழுந்துவிட்டாள். சித்திரையில் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை ஐந்து நாள். டாக்டர் வலது அடிவயிற்றில் விரல் வைத்து அழுத்தி, சட்டென்று கையை எடுத்தபோது அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ வீக்கம் வற்றியிருக்கு. இதுதான் நல்ல சமயம். மூன்றாவது தடவை வருமுன்னே எடுத்துக் களையணும். வந்தால் பொட்டி வெடிச்சுப்போகலாம்," என்றார் டாக்டர். அவர் மலையாளி. எங்களுக்காகத் தமிழ் கலந்து பேசுவார். அவளைப் பார்த்து, "பேடிக்கண்டா, கேட்டோ, பயப்படாதே," என்றார்.

"எனக்கு ஒரு பேடியும் இல்ல டாக்டர். இவுகளுக்குத்தான்," என்று அவள் என்னைக் காட்டினாள்.

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவள் சொன்னது உண்மை. அதற்கு ஏழெட்டு வருஷம் முன்பு, ஊரில், என் அப்பா குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொள்ளப் போனார். தன் காலால் நடந்து போனார். அறுவை அறையின் கதவருகில் திரும்பி, மேல்துண்டை என் கையில் கொடுத்து, "கசங்காம வச்சிரு" என்றார். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு நர்ஸ் வெளியே வந்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் மறுபடி உள்ளே போய்விட்டாள். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மயக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம். யார் மேலும் தவறில்லை. ஆனால் அதன் பிறகு மயக்க மருந்தின் அந்த இனிப்பு நாற்றம் எங்கே வந்தாலும் நான் அந்த இடத்தை விட்டுப் போய்விடுவேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

அவளை அந்தக் கதவுக்குள் அனுப்ப என்னால் முடியாது. டாக்டர் பேசி முடிக்குமுன்பே நான் எடுத்துவிட்ட முடிவு இது. காரணங்களைப் பிறகுதான் தேடினேன். தேடினால் கிடைக்காத காரணம் உண்டா? ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் முன் உட்கார்ந்தேன். இரண்டு தடவை வந்து தானாக அடங்கியது, ஆகவே அடங்குவதுதான் இதன் சுபாவம். பெனிசிலின் வந்துவிட்டது, முன்காலத்து ஆபத்து இப்போது இல்லை. மழைக்காலம் வரப்போகிறது, காயம் ஆறாது. இப்படி ஆறேழு இருந்தன. முதல் காரணத்தை ஒரு மாணவன் பரீட்சைத்தாளில் எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "காலேஜிலயும் இப்பிடித்தான் பாடம் எடுப்பீகளா?"

"ஏன்?"

"இல்ல, பிள்ளைகள் தூங்காம என்ன செய்வானுவன்னு யோசிச்சேன்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எடுத்திரலாம். ஒரு பிள்ளை உண்டான பெறவு இந்த வலி வந்தா ரெண்டு உயிருல்லா?"

அடுக்களையிலிருந்து அம்மா என்னை நோக்கிக் குரல் கொடுத்தாள். அவள் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. "மக்களே, டாக்டர் சொன்னாருல்லா. செய்யவேண்டியதுதானே? நீ என்னத்துக்கு இப்பம் வக்கீலு மாதிரி தாளை வச்சிக்கிட்டு இருக்கே?"

அவசரப்படக் கூடாது, உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக் கூடாது என்று குரலை உயர்த்தினேன். அந்த வீட்டில் உணர்ச்சிவசப்பட்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

இழுபறி ஒரு வாரம் நீடித்தது. கடைசியில் அவள்தான் வழி சொன்னாள். "பூக்கட்டிப் பாத்திருவோம். அம்மன் என்ன சொல்லுகாளோ அதுபோல. நீங்களும் அதுக்கு மேல பேசப்பிடாது, நானும் பேசல்ல."

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதிலிருந்து வீடு மாறுவது வரை எல்லாவற்றுக்கும் உள்ள வழக்கம். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியாக வாழையிலைத் துண்டில் பொதிந்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் செய்யக் கூடாது. எங்கள் குடும்பத்தில் பொதி கட்டுவது வீட்டு ஆண். யாரும் பார்க்காமல் கட்ட வேண்டும். மணத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பிச்சிப்பூ சேர்ப்பதில்லை. வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குத் தெற்றி. எடுக்காத பொதியைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. வகுப்பில் கேலி செய்திருக்கிறேன். நாணயத்தைச் சுண்டிவிட்டு அதற்குச் சூடம் காட்டுகிறோம் என்று சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் அவள் சொன்னதும் நான் மறுக்கவில்லை. சரி என்று சொன்னேன். எப்படி இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தேன் என்று அவளுக்கு ஒரு கணம் ஆச்சரியமாக இருந்தது, பிறகு சந்தோஷப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் உட்கார்ந்தேன். முன்னால் இலைத் துண்டுகள் இரண்டு. ஒரு நந்தியாவட்டைப் பூவும் தெற்றிக் கொத்தும் இருந்தன. முதல் பொதியில் தெற்றியை வைத்துக் கட்டினேன். நந்தியாவட்டையை எடுத்தேன். பாதிக்குப் பாதி என்று மனம் கணக்குப் போட்டது. நடந்து வந்தவள் கதவுக்குள் போகப் பாதி வாய்ப்பு. நர்ஸ் வெளியே வந்து என்னைப் பார்க்க அதில் ஒரு பங்கு. நார் இரண்டு தடவை அறுந்தது. "ஆச்சா?" என்று உள்ளேயிருந்து அவள் கேட்டாள். "ஆச்சு, ஆச்சு," என்றேன். நந்தியாவட்டையைக் கசக்கிக் கிணற்றுக்குப் பின்னால் வாழை மூட்டில் எறிந்தேன். இரண்டாவது பொதியிலும் தெற்றியை வைத்துக் கட்டினேன்.

கோயில் பக்கத்துத் தெருவில்தான். போற்றி, அதாவது பூசை செய்கிறவர், என்னைப் பார்த்ததும் விடவில்லை. "சாறே, பூ வைக்கிறதுன்னா சிரிப்பீங்களே. இண்ணு எந்து பற்றி, என்ன ஆச்சு? தர்க்கம் லீவா?"

"வீட்டில் ஆசைப்பட்டாங்க," என்றேன்.

"ஆசைப்பட்டா வந்துதானே ஆகணும்," என்று பொதிகளை வாங்கிக் கொண்டு உள்ளே போனார்.

என் மனைவி கண்ணை மூடி நின்றாள். உதடு அசைந்தது. வெள்ளை வேண்டும் என்றுதான் வேண்டியிருப்பாள். போற்றி தட்டை நீட்டினார். முதலில் இடதுபக்கப் பொதிக்குப் போன கை தயங்கி, வலதுபக்கத்துக்குப் போயிற்று. அந்தத் தயக்கத்தை என்னால் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நார் பிரியும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

"சிவப்பு," என்றாள்.

அம்மா பெருமூச்சு விட்டாள். மனைவி பூவைக் கையில் வைத்துக்கொண்டே தட்டில் இருந்த மற்றப் பொதியைப் பார்த்தாள். "இதையும் பிரிச்சுப் பாக்கட்டா? சும்மா ஒரு இதுக்கு."

"பிரிக்கப்பிடாது!" என்று நான் கத்திவிட்டேன். போற்றி திரும்பிப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். "முறைன்னு ஒண்ணு இருக்குல்லா," என்று குரலைத் தணித்துக்கொண்டு தட்டிலிருந்த பொதியை எடுத்து மடியில் செருகினேன். கரமனை ஆறு வரை என் இடுப்பில் ஒரு தீக்கங்கை வைத்துக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. கட்டு அவிழ்ந்துவிடுமோ, யாராவது எதிரே வந்து நிறுத்திப் பேசுவார்களோ என்று ஓட்டமும் நடையுமாகப் போய், பொதியைத் தண்ணீரில் விட்டேன். அது உடனே போகவில்லை. கரையோரத்தில் ஒரு கோரைப்புல்லில் தட்டி நின்றது. தண்ணீரில் இறங்கி, முழங்கால் வரை நனைந்து, அதைத் தள்ளிவிட்டு வந்தேன்.

ஆனியில் மழை பிடித்தது. ஒவ்வொரு நாளும் கல்லூரியிலிருந்து வரும்போது தெருமுனையிலிருந்தே என் வீட்டு வாசலைப் பார்ப்பேன். ஆள் கூட்டம் இல்லையென்றால் மூச்சு வரும். சாப்பிடும்போது அவள் கை வயிற்றுப் பக்கம் போனால் எனக்குச் சோறு இறங்காது. அறுவை வேண்டாம் என்று முடிவானால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். முன்பு ஒரு கதவைப் பார்த்துத்தான் பயந்தேன். இப்போது எல்லாவற்றையும் பார்த்துப் பயந்தேன். இரண்டு தடவை டாக்டரிடம் போய்விடலாம் என்று கிளம்பி, அம்மன் வேண்டாம் என்று சொன்னபிறகு என்ன என்று அவள் கேட்பாளே என்று திரும்பி வந்திருக்கிறேன். அவளுக்கு நான் போட்ட முடிச்சில் நானும் சிக்கிக்கொண்டிருந்தேன்.

ஆடியில் ஒருநாள் பதினொரு மணி வகுப்பில் பியூன் வந்து வாசலில் நின்றான். "வீட்டிலிருந்து ஆள்" என்றான். அவ்வளவுதான் கேட்டேன். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன்.

வாடகைக் காரில் அவளை ஏற்றும்போது அவள் வயிறு பலகைபோல இருந்தது. முகம் சாம்பல் நிறம். "வலி கொஞ்சம் கொறஞ்சிருக்கு," என்றாள். குறைந்தது நல்லதற்கில்லை என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் திட்டவில்லை. "ஏன் கொண்டுவரல்லை?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார்.

அந்தக் கதவுக்கு வெளியே நான் மூன்று மணி நேரம் நின்றேன். அதே நாற்றம். எதைத் தவிர்க்க எல்லாம் செய்தேனோ, அதன் முன்னாலேயே, பத்து மடங்கு ஆபத்தோடு, அவளைக் கொண்டுவந்து விட்டிருந்தேன். நர்ஸ் ஒவ்வொரு தடவை வெளியே வந்தபோதும் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன்.

பிழைத்தாள். குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. வயிற்றில் குழாய் வைத்து நாற்பது நாள் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, சீழ் கருக்குழாய் வரை போய்விட்டது, இனிக் குழந்தைக்கு வழியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவளிடம் அவரே சொல்லியிருந்தார். அவள் எனக்கு முன்பே தெரிந்துகொண்டு, என் முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கட்டிலில் காத்திருந்தாள்.

அதன் பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் புறப்பட்டு, "வாறியாம்மா?" என்று கேட்டாள்.

"நான் வரல்ல அத்தை. அவகிட்ட நம்பித்தானே கேட்டேன்? தெரியல்லன்னா தெரியல்லன்னு சொல்லப்பிடாதா?"

"அம்மனை அப்பிடிப் பேசாதம்மா. நம்ம பாவத்துக்கு அவ என்ன செய்வா?"

"நான் என்ன பாவம் செஞ்சேன் அத்தை?"

நான் அங்கேதான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் முடிந்துவிடும். நான் பக்கத்தைப் புரட்டினேன். அன்று முதல் நாலு வருஷம் அவள் கோயிலுக்குப் போகவில்லை, வீட்டில் விளக்கேற்றவில்லை. அம்மா ஏற்றும்போது எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். தெருவில் போற்றி எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். எனக்கு விழவேண்டிய ஏச்சையெல்லாம் அம்மன் வாங்கிக்கொண்டிருந்தாள். வாங்கட்டும் என்று நான் விட்டிருந்தேன்.

நான் அவளிடம் உண்மையைச் சொன்னது ஒரு மத்தியானம். அந்த வருஷம்தான் எங்கள் ஊர்ப்பக்கம் சென்னை மாநிலத்தோடு சேரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தைரியம் வந்து சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை எங்கள் வீட்டுக்குள் தவழ்ந்து வந்தது. இவள் தூக்கி, கன்னத்தில் வைத்துக்கொண்டு, அதன் தாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அம்மனுக்கு மனசிருந்தா அன்னைக்கு வெள்ளை தந்திருப்பா," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். என் வாயிலிருந்து அது தானாக விழுந்துவிட்டது.

"வெள்ளையே வைக்கல்ல."

"என்ன?"

"நான் வெள்ளை வைக்கல்ல. ரெண்டும் தெற்றிதான்."

அழுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அப்பாவைப் பற்றி, அந்த நர்ஸைப் பற்றி, எல்லாவற்றையும் கொட்டினேன். காரணங்கள் சொல்லவில்லை. பயந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

"பயமாயிருக்குன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா," என்றாள். "நான் அத்தையைக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். நீங்க வீட்டில இருந்திருக்கலாம்."

இவ்வளவு எளிய வழி ஒன்று இருந்தது எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் எழுந்து கிணற்றடிக்குப் போய்க் குளித்தாள். ஈரத்தலையோடு, என்னிடம் சொல்லாமல், வெளியே போனாள். திரும்பி வருவாளா, அப்படியே பஸ் ஏறித் தன் ஊருக்குப் போய்விடுவாளா என்று தெரியாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். அம்மா ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வந்தாள். நெற்றியில் சந்தனம் இருந்தது. இலையில் கொண்டுவந்த பிரசாதத்தை அம்மாவிடம் கொடுத்தாள்.

"கோயிலுக்கா போயிருந்தே?" என்று கேட்டு அம்மா இரு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஆமா அத்தை. நாலு வருஷமா ஏசினதுக்கெல்லாம் அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாறேன்." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "ஒங்களுக்காக ஒண்ணும் கேக்கல்ல. அதை நீங்கதான் போய்க் கேக்கணும்."

அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் என்னோடு இருந்தாள். எனக்குச் சமைத்தாள், என்னைக் கேலி செய்தாள், காய்ச்சலில் என் தலையைத் தூக்கிக் கஞ்சி கொடுத்தாள். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. நான் அந்தக் கோயிலுக்குள் இன்றுவரை போகவில்லை. நம்பிக்கை இல்லாதவன் போய் என்ன கேட்பது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறேன். நல்ல காரணம்தான். போகப் பயமாக இருக்கிறது.