கொடியில் ஒன்பது துண்டுகள்

தோழிகளே, இன்று பல குடித்தன வீடுகள் சேர்ந்த எங்கள் வளவில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

குடியிருப்பவர்கள் விருந்தாளிகளைத் தங்கவைக்கக் கூடாது என்பது வீட்டுக்கார ஆச்சியின் சட்டம். குற்றாலத்தில் குளிக்க வந்த ஆலங்குளத்துச் சித்தி குடும்பம், மூன்று நாளாக எங்கள் வீட்டில் ஒளிந்திருக்கிறது.

மாலையில் ஆச்சி துணிக்கொடியை எண்ணினார்.

"ஏட்டி, நீங்க நாலு பேரு. ஒம்பது துண்டு எப்படிட்டி காயுது?"

அம்மா என் பின்னால் ஒதுங்கினாள்.

"சாரல்ல எதுவுமே காய மாட்டேங்கு ஆச்சி" என்றேன். அது பொய்யில்லை.

அப்போது உள்ளே சித்தப்பா தும்மினார்.

"அது யாரு?"

"சித்தப்பா" என்றேன். வேறென்ன சொல்ல?

"நாளைக்குச் சாயங்காலம் கொடியில நாலு துண்டுதான் கிடக்கணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணிருங்க."

உங்களில் யார் வீட்டுக் கொடியிலாவது ஐந்து துண்டுகளுக்கு இடமுண்டா? காலையில் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆச்சி வளவு முழுவதற்கும் விளக்கை அணைத்துவிட்டார்; இதற்கு மேல் எழுத வெளிச்சமில்லை.