பல் டாக்டர் சுவரில் என் பாலம்

வானகரத்தில் புதிதாகத் திறந்த பல் மருத்துவமனை ஒன்றில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைவாய்ப் பல் சொத்தை. கன்னம் வீங்கி, ஊர் உலகத்தின் மேலேயே எரிச்சலாக இருந்த நேரம். நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் என் படம்.

நான் செய்வது நகல் வேலை. அந்தக் காலத்தில் ஜப்பான்காரர்கள் மரப்பலகையில் செதுக்கி, வண்ணம் தடவி, தாளில் அச்சடித்த மலையும் கடலும் பாலமும் இருக்கின்றன அல்லவா, அவற்றைப் பார்த்து, காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேசையில் தூரிகையால் திரும்ப வரைகிறேன். வாங்குகிறவர்களிடம் நகல் என்று சொல்லித்தான் கொடுப்பேன். அசலில் இருக்கும் சிவப்பு முத்திரையை மட்டும் போட மாட்டேன். அதைப் போட்டால் திருட்டு என்பது என் கட்சி.

சுவரில் இருந்தது மரப்பாலம். அதன் மேல் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி சிலர் ஓடுகிறார்கள். கடைசி ஆளுக்கு நான் குறும்பாகக் கிளிப்பச்சையில் உடுப்பு போட்டிருந்தேன். வேறு எவர் நகலிலும் அந்தப் பச்சைக்காரன் இருக்க வழியில்லை. ஆனால் நான் வரைந்த படம் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி ஆசிரியையின் வீட்டில் அல்லவா மாட்டியிருக்கிறது? எழுந்து போய் விரலால் தடவினேன். வழவழவென்று இருந்தது. பிரிண்ட்.

“மேடம், தொடாதீங்க. கையால வரைஞ்சதாம், காஸ்ட்லி” என்றாள் வரவேற்பு மேசையில் இருந்த பெண்.

பல்வலி போன இடம் தெரியவில்லை. அந்தப் படத்தை ஃபோனில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சந்தேகம் நேரே பூந்தமல்லி ஃப்ரேம் கடை பாய் மேல் போய் உட்கார்ந்தது. என் படங்கள் எல்லாம் கண்ணாடி போட அவரிடம்தான் போகும். ஒரு வாரமாவது கடையில் கிடக்கும். பக்கத்துக் கடையில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிறார்கள். எனக்கு வேறென்ன வேண்டும்? பஸ்ஸில் போகும்போதே விசாரணை நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டேன். போன முறை அவர் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்ததுகூட இப்போது சந்தேகமாகத் தெரிந்தது.

கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்று வேண்டுமென்றே குரலை உயர்த்தினேன். “என் படம் எப்படி பாய் வெளியே போச்சு?”

நான் நீட்டிய ஃபோனை அவர் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். “இன்னாமா பேசறீங்கோ? இத்தினி வருசமா வந்துகினு கீறீங்க. என்னைப் பாத்தா திருடன் மாதிரியா கீது?”

கண்ணாடி போடக் கொடுத்திருந்த என் படங்களை எடுத்து, தூசி தட்டி, செய்தித்தாளில் சுற்றி முன்னால் வைத்தார். “எடுத்துகினு போய்டுங்கமா. நம்பிக்கை இல்லாத எடத்துல வேணாம்.”

குற்றம் உள்ளவனுக்குத்தான் இவ்வளவு ரோஷம் வரும் என்று நினைத்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது ஃபோனில் இருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏதோ குறைவதுபோல் இருந்தது. குமணன்சாவடி தாண்டிய பிறகுதான் பிடிபட்டது. மழையைக் காணோம்.

அசலில் அது கொட்டுகிற மழை. வானத்திலிருந்து ஆறு வரைக்கும் மெல்லிய கோடுகள். மற்றதெல்லாம் காய்ந்த பிறகு, ஸ்கேலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடைசியாகத்தான் அவற்றைப் போடுவேன். ஒரு கோடு தடித்தாலும் மொத்தப் படமும் குப்பை. அந்தப் பயத்தில் பல நாள் மழையில்லாமலே மேசைமேல் போட்டு வைத்திருந்தேன். பாய் கடைக்குப் போனது கோடு போட்டு முடித்த பிறகு. மருத்துவமனைச் சுவரிலோ மழையே இல்லாமல் அத்தனை பேரும் குடைபிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அப்படியானால் அது என் மேசையில் கிடந்தபோது எடுத்த போட்டோ. வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான்.

அவர் ஸ்டூல் மேல் ஏறி, ஃபோனை நேராகக் கீழே பிடித்து அதைப் போட்டோ எடுத்தது ஞாபகம் வந்தது. எல்லா விளக்கையும் போடச் சொன்னார். நிழல் விழுகிறது என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். நம் வேலையை இவ்வளவு மதிக்கிறாரே என்று அன்று நான் பூரித்துப்போனேன்.

சாயங்காலம் அவர் ஆபீசிலிருந்து வந்ததும் ஃபோனைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை.

“கூட வேலை பாக்குறவன் சைடுல இன்டீரியர் பண்றான். கேட்டான், அனுப்பினேன். இதுல என்ன இருக்கு?”

“என்கிட்ட ஏங்க சொல்லல?”

“சொன்னா நீ குடுக்க மாட்ட.”

“இன்னும் எந்தெந்தப் படம் அனுப்பினீங்க?”

சாக்ஸைக் கழற்றுவதில் மும்முரமானார். பிறகு தலையைத் தூக்காமலே, “நீ மட்டும் என்ன, சொந்தமாவா வரையற? நீ பண்றதும் காப்பிதானே?” என்றார்.

நான் நகலை நகல் என்று சொல்லிக் கொடுக்கிறேன் என்று பதில் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடமாக என் வேலையைப் பற்றி அவர் மனதில் இருந்தது இவ்வளவுதானா என்றிருந்தது. படம் போனதைவிட அதுதான் வலித்தது.

மறுநாள் பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ வரவழைத்துக் கொடுத்தார். படங்களையும் வாங்கிக்கொண்டார். ஆனால் ஒன்று சொன்னார். “இனிமே கடைல வெச்சுக்க மாட்டேன்மா. குந்துங்க, உங்க கண்ணு முன்னாடியே போட்டுக் குடுத்துர்றேன்.” அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அவர் கடைசி ஆணி அடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் கையில் தருகிறார். அந்த மரியாதை எனக்குக் கூசுகிறது.

இப்போதெல்லாம் யாருக்கும் அனுப்புவதில்லை என்று என் கணவர் சொல்கிறார். உண்மையாகவும் இருக்கலாம். போன வாரம் பனி மூடிய மலை ஒன்றை வரைந்துகொண்டிருந்தேன். சாப்பிடும்போது, “முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், அக்கறையாகக்கூட இருக்கும்.

“இன்னும் இல்லீங்க” என்று சொல்லி ரசத்தை ஊற்றினேன். முடித்த படம் பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் இருந்தது. சாவி என் இடுப்பில்.